பின்னல் வரிசையில் இருந்த பிள்ளை

மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் பிற்பகல் மூன்று பத்தைக் காட்டியது. நான் முதலில் பார்த்தது என் முகத்தை. மேசையில் விரித்து வைத்திருந்த பழைய ஆல்பத்தில், தரையில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்திருந்த சிறுமிகளின் நடுவில், பதின்மூன்று வயது நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். படத்தின் கீழே பின்னல் வரிசை, 1987 என்று எழுதியிருந்தது. அந்த வரிசையில் நான் உட்காரவே இல்லை.

இந்தக் கதையில் எந்த இடத்தில் என்னை நிறுத்திக் கேள்வி கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் கேட்பேன். பேய், ஆவி, கண்ணூறு எதையும் நான் நம்பியவள் இல்லை. தென்கிழக்கு லண்டனில் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர் நான். ஒருவர் சொன்னால் அது பேச்சு, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இருவர் சொன்னால்தான் செய்தி என்று பழகியவள். வீட்டில் ஏதோ நடமாடுகிறது, வேறு வீடு வேண்டும் என்று ஒரு குடும்பம் கவுன்சிலிடம் கேட்டபோது, போய்ப் பார்த்துவிட்டு, நடமாடுவது பழைய சுடுநீர்க் குழாய்தான் என்று எழுதினேன். அந்தக் குடும்பம் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. அப்படிப்பட்டவள் இதைச் சொல்கிறேன். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பின்னல் வரிசை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்துவிட்டு லண்டனுக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை, இங்கே வளரும் தமிழ்ப் பெண்பிள்ளைகள் வருடத்தில் ஒரு வாரமாவது தமிழில் சண்டை பிடிக்கட்டும் என்று ஒரு கோடைகால முகாம் தொடங்கினார். எல்லோருக்கும் அவர் மிஸ். வட லண்டனில் எட்மண்டனுக்கு அப்பால், வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில், சாரணர்களுக்கான பழைய மண்டபம் ஒன்றை ஒவ்வொரு ஓகஸ்ட்டும் வாடகைக்கு எடுப்பார். முதல் வருடம் காலையில் இத்தனை தலைகளையும் பின்னிவிட ஆள் போதவில்லை. மிஸ் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து, அவரவர் முன்னால் இருப்பவளின் தலையைப் பார்க்கச் சொன்னார். ஆகப் பின்னால் இருப்பவளுக்கு மிஸ் பின்னினார். அவசரத்துக்குச் செய்தது, அடுத்த வருடமே வழக்கமாகிவிட்டது. முகாம் முடிவதற்கு முதல் நாள் பிற்பகல், பாட்டுப் பாடிக்கொண்டு, ஒரு சடங்கு மாதிரி.

உங்களுக்குப் பின்னியவள் அன்றிலிருந்து உங்களுக்குப் 'பின்னினவ', நீங்கள் அவளுடைய 'பின்னல்'. உங்கள் கலியாணத்தன்று தலை அலங்காரம் அவளுடைய உரிமை. மணப்பெண்ணின் சொந்த அக்காவே ஒதுங்கி நிற்க வேண்டும். பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரிக்குச் சோறு கட்டிக்கொண்டு வருவது அவள். இதற்காகக் கனடாவிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள். விம்பிள்டன் கோயில் வாசலில் ஒரு பெண் இன்னொருத்தியைக் காட்டி "இவ என்னைப் பின்னினவ" என்று அறிமுகம் செய்வதைக் கேட்டால், இருவரும் அந்த முகாமின் பழைய பிள்ளைகள் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பின்னினவ என்று ஒருவரும் இல்லை.

1987இல் நாங்கள் நாட்டை விட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. லூயிஷாமில் கவுன்சில் தந்த ஹொஸ்டல் அறை ஒன்றில் அம்மாவும் நானும் இருந்தோம். குளியலறை, சமையலறை எல்லாம் பல குடும்பங்களுக்குப் பொது. முகாமில் இருந்த மற்றப் பிள்ளைகள் டாக்டர், எக்கவுண்டன்ட் வீட்டுப் பிள்ளைகள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். மாமா யாரிடமோ சொல்லி எனக்கு இலவசமாக இடம் வாங்கியிருந்தார். அம்மா ஒரு மஞ்சள் சட்டை தைத்துத் தந்தார். மெஷின் இல்லாமல் கையால் தைத்ததில் ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது. அதை வரிசைக்குப் போடவென்று வைத்திருந்தேன்.

வரிசைக்கு முன்பு, அன்று மதியம், மிஸ் ஒவ்வொருத்தியாகத் தலை பார்த்தார். என் தலையில் அவருடைய விரல் நின்றது. மற்றவர்களை விளையாட அனுப்பிவிட்டு, என்னைக் கையில் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பேன். தலை முழுக்கப் பேனும் ஈரும், சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. மயிரை எடுக்காமல் மருந்து போட ஏலாது என்றார். கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டினார். வெட்டியதைப் பேப்பரில் சுற்றினார். மஞ்சள் சட்டையைக் கழற்றச் சொல்லிச் சுடுதண்ணீர் வாளியில் போட்டுவிட்டுத் தன்னுடைய கம்பளிச் சட்டையை எனக்கு மாட்டினார். யாருக்கும் சொல்லமாட்டேன் என்றும், மாமாவுக்குப் போன் பண்ணியிருக்கிறேன், பின்கதவால் போய்விடலாம் என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மானம் போகக்கூடாது என்றுதான் செய்தார்.

மிஸ் போன சற்று நேரத்தில் திரும்பி வந்து, என்னைப் பார்த்துவிட்டு மறுபடி போனார். பிறகு மண்டபத்தில் பாட்டுத் தொடங்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது மாலினி எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. பாட்டு முடிந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது, தேநீர் குடிக்கும் சத்தம் கேட்டது, யாரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. அது அந்தப் பயத்தைவிட மோசமாக இருந்தது. மாலையில் மாமா வந்து கூட்டிப்போனார். அம்மா என் தலையைப் பார்த்தார், ஒரு துவாயால் சுற்றிவிட்டார். அந்த முகாமுக்கு நான் பிறகு போகவில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

பதினொரு வருடம் கழித்து, 1998இல், ஒரு தமிழ் மாத இதழ் அந்த முகாமின் பழைய பிள்ளைகள் ஓகஸ்ட்டில் அதே மண்டபத்தில் ஒன்றுகூடுவதைப் பற்றி எழுதித் தரக் கேட்டது. மறுத்திருக்கலாம். ஆனால் நிருபராகப் போனால் என்னை யாரும் பழைய பிள்ளையாகப் பார்க்கமாட்டார்கள், ஒரு வாரம் வந்துபோன பிள்ளையை யார் நினைவில் வைத்திருப்பார்கள், மிஸ்ஸுக்கும் வயதாகிவிட்டது என்று கணக்குப் போட்டேன். எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: என் தலையைப் பற்றி அந்த மண்டபத்தில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. அதோடு அந்தச் சமையலறை எனக்கு முடிந்துவிடும்.

அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போனவள்தான் ஆல்பத்தின் முன்னால் நின்றேன். படத்தில் என் தலைமயிர் முழுதாக இருந்தது. மஞ்சள் சட்டையின் ஒரு கை மற்றதைவிட நீளமாக இருந்தது.

பின்னாலிருந்து யாரோ என் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். கலா அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முகாமில் அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எல்லோரும் அவரைச் சுற்றித்தான் நிற்பார்கள். என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு நினைவில்லை. இப்போது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"எங்கை போய்த் துலைஞ்சனீர்?" என்றார். "பதினொரு வருசமா என்ர பின்னலைக் காணேல்லை எண்டு ஊரெல்லாம் கேட்டுத் திரியிறன்."

மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நான் கலியாணம் முடித்துவிட்டேனா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் கலா அக்கா நெஞ்சில் கை வைத்தார். "தப்பினீர். என்னைக் கூப்பிடாமல் முடிச்சிருந்தால் பிடிச்சு மொட்டை அடிச்சிருப்பன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் சொன்னதை ஒரு நிருபர் கேட்பதுபோல் கேட்டேன். அந்த வரிசையில் நான்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தேனாம். மிஸ் மாதிரிப் பேசிக் காட்டினேனாம். அன்றிரவு தங்கி, அடுத்த நாள் பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்தேனாம். விம்பிள்டனில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கினேனாம். கூட்டிப்போக யாரும் வரவில்லையாம், கையைக் காட்டிவிட்டு என் பாட்டுக்கு நடந்து போனேனாம். விம்பிள்டனில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. அந்த வருடம் இன்னொரு மாலினி வந்திருந்தாளா என்று கேட்டேன். ஒரு மாலினியைச் சமாளித்ததே பெரிய பாடு என்றார் ஒருவர்.

நான் அங்கே இருக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே இருந்தீர் என்பது. அதனால், ஓம் அக்கா, எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றேன். என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் என்மேல் இவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை என்பதும் உண்மை.

பிறகு பின்னல் வரிசை. பழைய படங்களைப் பார்த்து அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். சேலை கட்டியவர்கள் முழங்கால் நோகிறது என்று முனகினார்கள், ஒருவர் மடியில் கைக்குழந்தை. கலா அக்கா எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என் கிளிப்பைக் கழற்றினார். அந்த மண்டபத்தில் மருந்து மணம் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு வந்தது. பாட்டுத் தொடங்கியது. அவர் உச்சி பிரித்து, மயிரை மூன்று காலாக எடுத்தார். எடுத்ததை விட்டுவிட்டார். மறுபடி உச்சியிலிருந்து பிரித்தார். அவருடைய விரல் என் தலையின் நடுவில் வந்து நின்றது. விரல் அப்படி நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

பாட்டுச் சத்தத்துக்குள், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி அவர் பேசினார்.

"மாலினி, உமக்கு ஒற்றைச் சுழி."

"ஓம்."

"அண்டைக்கு இரட்டைச் சுழி. உச்சி நேராய் நிக்காமல் எவ்வளவு பாடுபட்டனான். இது அந்தத் தலை இல்லை."

என் முன்னால் இருந்தவளின் மயிர் என் கையில் பாதிப் பின்னலில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நான் ஆருக்குப் பின்னினனான்?"

கொலை வழக்குகளுக்கு நீதிமன்றத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுத்திருக்கிறேன். பிணங்களைப் பற்றிக் கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன். பேன் என்ற ஒரு சொல் என் வாயில் வரவில்லை. கலா அக்கா மளமளவென்று பின்னி முடித்து ரிபன் கட்டினார். எழுந்தபோது, தனக்குத் தெரிந்த ஒருத்தியின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். மற்றவர்களிடம் எதையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் பக்கம் வரவும் இல்லை.

நான் சமையலறைக்குப் போனேன். மிஸ் அங்கே தனியாகக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாக மெலிந்திருந்தது. என்னைக் கண்டதும் குழாயை மூடினார். என்னைத் தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை. தெரிந்தது என்று பார்த்தவுடன் விளங்கியது.

"மிஸ், அண்டைக்கு நான் வரிசையில இருந்தனானோ?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். மெதுவாக, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"ரெண்டு இடத்திலயும் இருந்தாய்," என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். என்னை ஸ்டூலில் இருத்திவிட்டு மண்டபத்துக்குப் போனபோது, கலாவுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேனாம், முழுத் தலைமயிரோடு. முதலில் கோபம்தான் வந்ததாம், சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள் என்று. உடனே சமையலறைக்குத் திரும்பி வந்திருக்கிறார். நான் ஸ்டூலில் அழுதுகொண்டிருந்தேன். வெட்டிய மயிர் பேப்பரில் சுற்றியபடி மேசையில் கிடந்தது. சட்டை வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. மறுபடி மண்டபத்துக்குப் போனார். அங்கேயும் நான்.

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். என்ன செய்வது, வரிசையை நடத்தினேன் என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன். இன்றைக்கு உனக்குச் சொல்வதுதான் முதல் தரம் என்றார்.

"பின்னேரம் உன்ர மாமா வந்து வாசலில நிண்டார்," என்றார். "எந்தப் பிள்ளையைக் குடுக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. மற்றது சிரிச்சுக்கொண்டு திரிஞ்சுது. நீ அழுதாய். அழுகிற பிள்ளையை வீட்டை அனுப்புவம் எண்டு உன்னைக் குடுத்தன்."

"மற்றது?"

"அடுத்த நாள் பஸ்ஸில ஏத்தினன். விம்பிள்டனில நானும் இறங்கி நிண்டு பார்த்தன். ஆரும் வரேல்லை. அது கையைக் காட்டிப்போட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்து போட்டுது."

பதினொரு வருடமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை ஒன்று இருந்தது. உன்னைச் சமையலறையில் ஒளித்து வைத்திருக்கக்கூடாது பிள்ளை, என்று அவர் சொல்வார் என்று நின்றேன். மிஸ் துணியை மடித்து வைத்தார்.

"எனக்கு இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு," என்றார். "பிள்ளையைத் தனிய ரோட்டில விட்டிட்டன். அதுக்கும் பதின்மூண்டு வயசுதானே."

அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் இல்லை, பொறாமை. கலா அக்கா பதினொரு வருடம் தேடியது அவளை. மிஸ் கவலைப்பட்டதும் அவளுக்காக. என்னை அன்று யாரும் தேடி வராததற்குக் காரணம் அவர்களுடைய அலட்சியம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். அவர்களுக்கு மாலினி கையில் இருந்தாள், அதுவும் நல்ல மாலினி. இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ரயிலில் வீட்டுக்குப் போகும்போது தொழில் புத்தியோடு யோசித்தேன். கலா அக்காவுக்குச் சமையலறையில் நடந்தது தெரியாது. மிஸ் யாரிடமும் பேசவில்லை. இருவரும் தனித்தனியாக ஒன்றைத்தான் சொன்னார்கள், படமும் அதையே சொன்னது. எங்கள் பத்திரிகை ஆசிரியரின் மேசையில் வைத்தால் இது செய்தியாக நிற்கும். நான் மாத இதழுக்கு எழுதியது வேறு: பின்னல் வரிசையின் வரலாறு, கலியாணத் தலை அலங்காரம், கனடாவிலிருந்து வந்தவர்கள். நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். என் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வருடம் மாசி மாதம் மிஸ் காலமானார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இறுதிக் கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று கோயிலில் அறிவித்திருந்தார்கள். நான் வேலைக்கு லீவு போட்டேன். கிரியை நாளன்று காலை கறுப்புக் கோட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். கலா அக்கா வாசலில் நின்று வருபவர்களை வரவேற்பார், அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நேரம் போய்விட்டது. கோட்டைத் திரும்ப அலுமாரியில் மாட்டினேன்.

மாலையில் தொலைபேசி அடித்தது. கலா அக்கா. ஓகஸ்ட்டுக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது அதுதான் முதல் முறை. அழுது அழுது குரல் அடைத்திருந்தது. வராததற்குக் கோபிக்கத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

"மாலினி, இண்டைக்கு நீர் வந்தது பெரிய உதவி," என்றார். "பெட்டி உள்ளுக்குப் போகேக்க நான் விழுந்திருப்பன். கடைசி மட்டும் என்ர கையை விடேல்லை நீர். நான் அண்டைக்கு வரிசையில சொன்ன கதையை மனசில வைச்சிருக்காதையும்."

"பரவாயில்லை அக்கா," என்றேன்.

அன்று நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.